பாதி காலியான பழைய மால்: இடிக்கலாமா, மாற்றலாமா, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாமா?

அமெரிக்கப் புறநகரில் குடியிருப்பவர்களுக்கு இந்த இடத்தை விவரிக்கவே வேண்டியதில்லை. பெரிய சாலையின் ஓரம் நாற்பது, ஐம்பது ஏக்கர் தார்த்தரை. நடுவில் ஜன்னலே இல்லாத ஒரு மால், அல்லது எல் வடிவத்தில் ஒரே தளமாக நீளும் கடை வரிசை. டிபார்ட்மென்ட் ஸ்டோர் மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மிஞ்சியிருப்பவை ஒரு மளிகைக் கடை, ஒரு முடிதிருத்தகம், வரிக்கணக்கு எழுதித் தரும் ஓர் அலுவலகம், வாடகை மலிவு என்பதால் வந்து சேர்ந்த இரண்டு மூன்று உணவகங்கள். நகராட்சி மன்றத்தின் முன் ஏதோ ஒரு மறுசீரமைப்புத் திட்டம் வைக்கப்படுகிறது. பொது விசாரணைக் கூட்டத்தில் ஆளுக்குச் சில நிமிடம் பேச வாய்ப்புக் கிடைக்கிறது. எதை ஆதரிப்பது?

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஊர்களுக்குப் பொருந்துவது, வாகன நிறுத்துமிடத்தின் மேல் தெருக்களை வகுத்து, நிலத்தைச் சிறு மனைகளாகப் பிரித்து, படிப்படியாகக் கட்டிக்கொண்டு போவதுதான். மொத்தமாக இடித்துப் புதிய ஊர் மையம் கட்டுவதும் நடக்கக்கூடியதே, ஆனால் அதற்கான சூழல் அமைந்த ஊர்கள் குறைவு. எந்த வழியில் போனாலும் கட்டடத்தைப் பற்றிய பேச்சுக்கு முன்னால் தெருவைப் பற்றிய பேச்சு நடந்திருக்க வேண்டும். கட்டடம் முப்பது ஆண்டில் மாறிவிடும், தெருவின் போக்கு தலைமுறைகளுக்கு மாறாது.

இந்தக் கட்டடங்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் மூப்படைகின்றன என்பதற்குக் காரணம் அவை பிறந்த விதத்திலேயே இருக்கிறது. 1954-இல் அமெரிக்க வருமான வரிச் சட்டம் திருத்தப்பட்டபோது, புதிய வணிகக் கட்டடத்தின் தேய்மானத்தில் பெரும் பகுதியை முதல் சில ஆண்டுகளிலேயே கணக்குக் காட்ட வழி பிறந்தது. பழையதைப் பேணுவதைவிட வேறோர் இடத்தில் புதிதாகக் கட்டுவது லாபமாயிற்று. 1956-இல் நாடு தழுவிய நெடுஞ்சாலைத் திட்டத்துக்குச் சட்டம் வந்தது. அதே ஆண்டு மினசோட்டா மாநிலத்தின் ஈடைனாவில் விக்டர் க்ரூவென் வடிவமைத்த சவுத்டேல் திறக்கப்பட்டது. முழுக்க மூடப்பட்டு, உள்ளே தட்பவெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட முதல் மால் அது. வியன்னாவில் பிறந்த க்ரூவென் அந்த மாலைச் சுற்றி வீடுகளும் பள்ளியும் மருத்துவ வசதியும் பூங்காவும் சேர்ந்த ஓர் ஊரையே மனத்தில் வைத்திருந்தார். நாடு முழுவதும் நகலெடுக்கப்பட்டது கடையும் பார்க்கிங்கும் மட்டுமே. 1978-இல் அவரே மால்களோடு தனக்கு எந்த உறவும் இல்லை என்று கைகழுவிவிட்டார். அவர் மனத்தில் இருந்த வீடும் பள்ளியும் பூங்காவும்தான் இன்றைய மறுசீரமைப்புத் திட்டங்கள் எல்லாவற்றிலும் திரும்ப வந்து நிற்கின்றன என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

நிலத்தின் உண்மையான இருப்பு

கட்டடத்தை ஒதுக்கிவிட்டு ஒரு கணக்குப் போடுங்கள். பல ஊர்களின் விதிகள் ஆயிரம் சதுர அடிக் கடைக்கு நான்கைந்து வண்டிகளுக்கு இடம் கேட்டு வந்துள்ளன. ஒரு வண்டிக்கு, அது வந்து திரும்பும் பாதையையும் சேர்த்தால், ஏறக்குறைய 300 முதல் 330 சதுர அடி வேண்டும். ஆக, ஆயிரம் சதுர அடிக் கடை 1,200 முதல் 1,650 சதுர அடி தார்த்தரையைக் கூடவே இழுத்து வருகிறது. விடுமுறைக் காலத்தின் உச்ச நெரிசலை மனத்தில் வைத்துப் போடப்பட்ட அளவு இது. ஆண்டின் மற்ற நாட்களில் அதன் கணிசமான பகுதி வெறுமனே வெயில் காய்கிறது.

குறைந்தபட்சப் பார்க்கிங் விதிகள் எவ்வளவு நிலத்தை விழுங்குகின்றன என்பதைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் தன் வாழ்நாள் முழுவதும் எடுத்துச் சொன்னார். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ 2017-இல் அந்த விதியை நகரம் முழுவதற்கும் நீக்கியது. கலிஃபோர்னியா 2022-இல் இயற்றிய ஏபி 2097 சட்டப்படி, முக்கியப் பொதுப் போக்குவரத்து நிறுத்தங்களுக்கு அரை மைலுக்குள் உள்ள பெரும்பாலான கட்டடங்களுக்கு உள்ளூராட்சிகள் குறைந்தபட்சப் பார்க்கிங்கைக் கட்டாயமாக்க முடியாது. உங்கள் ஊரில் அந்த விதி இன்னும் இருந்தால், எந்தத் திட்டம் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது அதை நீக்குவதைத்தான். நகராட்சிக்கு இதில் ஒரு காசு செலவில்லை. விதி போனபின்னும் எவ்வளவு பார்க்கிங் வேண்டும் என்று கடைக்காரர் தாமே முடிவுசெய்துகொள்வார்.

நான்கு வழிகள்

முகப்புக்குப் புது வண்ணம், புதுப் பெயர்ப்பலகை, நான்கு மரக்கன்று: இது முதல் வழி. மளிகைக் கடை நன்றாக ஓடி, காலி இடம் சொற்பமாக இருந்தால் இது போதும். அதை உரிமையாளர் தன் பணத்தில் செய்துகொள்ளட்டும். மூடிய பெரிய கடையை நடுவில் வைத்துக்கொண்டு முகப்பு வேலைக்கு நகராட்சியிடம் மானியம் கேட்டால் மறுத்துவிடுவதே நல்லது.

இரண்டாவது வழி, கட்டடத்தை வைத்துக்கொண்டு வேலையை மாற்றுவது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. டெக்சஸின் ஆஸ்டினில் 1971-இல் திறந்த ஹைலண்ட் மால் 2015-இல் மூடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே அங்கிருந்த பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்று ஆஸ்டின் சமுதாயக் கல்லூரியின் வளாகமாகிவிட்டது. கடைக்காகக் கட்டிய பரந்த கூடத்தில் இன்று மாணவர்கள் கணினி முன் அமர்ந்து படிக்கிறார்கள். டென்னசியின் நாஷ்வில்லில், 1960-களில் திறந்த ஒன் ஹண்ட்ரட் ஓக்ஸ் மாலின் மேல்தளத்துக்கு 2009-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையம் தன் புறநோயாளர் சிகிச்சைப் பிரிவுகளைக் கொண்டுவந்தது. கீழே கடைகள் தொடர்ந்தன. நோயாளிகளுக்கு வாசலருகே வண்டி நிறுத்த முடிந்தது, காத்திருக்கும் நேரத்தில் வீட்டார் கீழே கடைக்குப் போய்வர முடிந்தது. 2020-இல் அந்த மையம் மாலையே விலைக்கு வாங்கிவிட்டது.

இந்த வழியில் வேகம் உண்டு. எலும்புக்கூடு தயாராக நிற்பதால் செலவும் பெரும்பாலும் குறையும். ஆனால் இரண்டு விஷயங்களை யாரும் மேடையில் சொல்வதில்லை. கல்லூரியும் லாபநோக்கற்ற மருத்துவமனையும் பொதுவாகச் சொத்து வரி கட்டுவதில்லை. ஊரின் பெரிய வரிச்சொத்து ஒன்று பட்டியலிலிருந்து கழியும்போது, பள்ளிக்கும் தீயணைப்புக்கும் அந்தப் பணம் வேறெங்கிருந்து வரும் என்று கேட்டாக வேண்டும். வரிக்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு தொகை தர ஒப்பந்தம் போடும் பழக்கம் உண்டு. அதைக் குத்தகை கையெழுத்தாகும் முன்பே பேசிவிட வேண்டும். இன்னொன்று, கட்டடத்துக்குள் உயிர் வந்தாலும் சுற்றியுள்ள தார்க்கடல் அப்படியே கிடக்கும். ஹைலண்டில் அப்படி விட்டுவிடவில்லை, சுற்றியிருந்த நிலத்தில் குடியிருப்புகளும் தெருக்களும் வந்தன. அந்த இரண்டாம் பாதி இல்லாத கல்லூரித் திட்டத்தைப் பாதித் திட்டம் என்றே நான் கணக்கில் எடுப்பேன்.

கட்டடத்தையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. டிபார்ட்மென்ட் ஸ்டோரின் தளம் மிக ஆழமானது, நடுப்பகுதிக்கு இயற்கை வெளிச்சம் எட்டாது. கூரையைத் திறந்து ஒளி இறக்க வேண்டும். வகுப்பறைக்கும் மருத்துவத்துக்கும் இது பரவாயில்லை. வீடுகளாக்குவதென்றால் ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஜன்னல் வேண்டும் என்ற இடத்தில் கணக்கு முறிந்துவிடும். எழுபதுகளுக்கு முந்தைய கட்டடமென்றால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கவும் வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, மொத்தமாக இடித்துவிட்டு வீடு, கடை, அலுவலகம் கலந்த ஊர் மையம் ஒன்றைக் கட்டுவது. படங்களில் மிக அழகாகத் தெரிவது இதுதான். ஃப்ளோரிடாவின் போக்கா ரட்டோனில் 1974-இல் வந்த மால் இடிக்கப்பட்டு 1991-இல் மிஸ்னர் பார்க் திறந்தது: நடுவே நீண்ட பூங்கா, இருபுறமும் கீழே கடை, மேலே வீடு. கொலராடோவின் லேக்வுட்டில் 1966-இல் திறந்த வில்லா இத்தாலியா 2001-இல் மூடியது. அந்த 104 ஏக்கரில் 22 தெருக்கட்டங்கள் வகுக்கப்பட்டு, பெல்மார் என்ற பெயரில் 2004 முதல் புதிய ஊர் மையம் எழுந்தது. அதற்குமுன் லேக்வுட்டுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான மையம் எதுவும் கிடையாது. பெல்மாரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கட்டடங்களைப் புகழ்கிறார்கள். எனக்கு அதன் 22 கட்டங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. ஒரு கடை தோற்றாலும் அந்தக் கட்டம் மட்டும் மாறும், ஊர் மாறாது. மால் ஒரே உடம்பாக இருந்ததால்தான் மொத்தமாகச் செத்தது.

இதன் மறுபக்கம் யூட்டா மாநிலத்தின் ஹாலடேயில் நடந்தது. அங்கே 1962-இல் திறந்த காட்டன்வுட் மால் 2008-இல் ஏறக்குறைய முழுவதுமாக இடிக்கப்பட்டது. அந்த ஆண்டே நிதிச் சந்தை சரிந்தது. உரிமையாளரான ஜெனரல் க்ரோத் ப்ராபர்டீஸ் 2009-இல் திவால் பாதுகாப்புக் கோரியது. நிலம் ஆண்டுக்கணக்கில் வெறும் பொட்டலாகக் கிடந்தது. பிறகு வந்த ஒரு திட்டத்தை 2018-இல் ஊர் மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். இடித்துப் பத்தாண்டுக்கு மேலாகிய பின்னரே அங்கே புதிய கட்டடங்கள் எழத் தொடங்கின. பாதி காலியாக இருந்த மால்கூடக் கொஞ்சம் வரியும் வேலையும் தந்துகொண்டிருக்கும்; பொட்டல் தருவது அதைவிடக் குறைவு. கடன் சந்தை, வட்டி, ஒரே நிறுவனத்தின் உடல்நலம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஒத்துழைத்தால்தான் மொத்த இடிப்பு பலிக்கும்.

நான்காவது வழியை மாசசூசெட்ஸின் கேப் காட்டில் உள்ள மாஷ்பியில் பார்க்கலாம். அறுபதுகளில் கட்டிய ஒரு சாதாரண ஸ்டிரிப் மாலை (சாலையோரம் ஒரே தளமாக நீளும் கடை வரிசையை) அதன் உரிமையாளர்கள் 1986 முதல் கொஞ்சம் கொஞ்சமாக ஊராக மாற்றி வருகிறார்கள். பார்க்கிங்கில் தெருக்களைப் போட்டார்கள். பழைய நீளக் கட்டடத்தின் முதுகையும் வாகன நிறுத்துமிடத்தையும் மறைத்து, இருபதடி ஆழமே உள்ள ஒடுங்கிய கடைகளைத் தெருவை ஒட்டி எழுப்பினார்கள். அவ்வளவு சின்ன இடம் என்பதால் வாடகையைச் சிறு வியாபாரியால் கட்ட முடிந்தது. நடைபாதைக்கு இருபுறமும் கடைவாசல்கள் வந்ததும் ஆட்கள் நடக்கத் தொடங்கினார்கள். அடுத்த கட்டடத்துக்கான துணிவு அதிலிருந்து பிறந்தது.

க்ரூவெனின் சவுத்டேலும் இன்று இந்த வழியில்தான் நடக்கிறது. பார்க்கிங்கின் ஒரு மூலையில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தது. மூடிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்று இடிக்கப்பட்டு 2019-இல் அந்த இடத்தில் ஒரு பெரிய உடற்பயிற்சி மையம் திறந்தது. மீதி மால் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இந்த வழியின் குறை நேரம். மாஷ்பி தொடங்கி நாற்பதாண்டு ஆகப்போகிறது, வேலை இன்னும் முடியவில்லை. அடுத்த தேர்தலுக்குள் நாடா வெட்ட நினைக்கும் மன்ற உறுப்பினருக்கு இது பிடிக்காது. இடைக்காலத்தில் இடம் அரைகுறையாகத் தெரியும், ஒரு பக்கம் அழகான தெரு, மறுபக்கம் பழைய தார்த்தரை. அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு படியிலும் தவறு நேர்ந்தால் அந்தப் படியளவுக்கே இழப்பு. பழைய கடைகளும் இடம்பெயராமல் பிழைத்திருக்கும்.

தண்ணீர்

இந்தத் தார்த்தரைகளில் பல, ஓடையை மூடியும் சதுப்பை நிரப்பியும் போடப்பட்டவை. மழை பெய்தால் எண்ணெயும் ரப்பர்த் துகளும் கலந்த நீர் நேராக அருகிலுள்ள ஓடையில் போய் விழுகிறது. வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டிலில், 1950-இல் திறந்த நார்த்கேட் மாலின் தெற்குப் பார்க்கிங்கில் 2009-இல் தார்ன்டன் ஓடைக்கான நீர்த்தரக் கால்வாய் ஒன்றை அமைத்தார்கள். 2.7 ஏக்கரில் செடிகளுக்கிடையே வளைந்து போகும் அந்தக் கால்வாய் ஏறக்குறைய 680 ஏக்கரிலிருந்து வழியும் மழைநீரைச் சுத்தப்படுத்துகிறது. அதைப் பார்த்தபடியே அடுக்குமாடி வீடுகள் வந்தன. 2021-இல் இலகு ரயிலும் நார்த்கேட்டுக்கு வந்து சேர்ந்தது.

பசுமையாக்குவதைத் தனியொரு வழியாக நான் எண்ணாததற்குக் காரணம் இதுதான். நிலத்தின் தாழ்ந்த பகுதி எது, மழைநீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்து அதை முதலிலேயே ஒதுக்கிவிட்டால், எந்தத் திட்டத்தோடும் அது சேர்ந்துகொள்ளும். கட்டி முடித்தபின் தேடினால் இடம் இருக்காது.

காகிதத்தில் தெரியாத முடிச்சுகள்

வெளியிலிருந்து பார்த்தால் மால் ஒரே சொத்து. பதிவேட்டில் அப்படி இருப்பது அரிது. டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் பல இடங்களில் தம் கட்டடத்தையும் அதன் முன்னுள்ள பார்க்கிங்கையும் தாமே வைத்திருக்கும். மால் கட்டிய காலத்தில் உரிமையாளர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுத்த ஒப்பந்தப்படி, பார்க்கிங்கில் ஒரு பகுதியைக் குறைக்கக்கூட மற்றவர்களின் சம்மதம் தேவைப்படலாம். மூடிப்போன கடையின் உரிமையாளர் வேறு மாநிலத்தில் இருந்துகொண்டே மொத்தத் திட்டத்தையும் தடுக்க முடியும். காலி செய்து போன சங்கிலிக் கடை, அந்த இடத்தில் போட்டிக் கடை வரக்கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை எழுதிவைத்துப் போயிருக்கவும் கூடும். ஆகவே யாருடைய வரைபடம் அழகு என்று பார்ப்பதற்கு முன், உரிமையாளர்கள் எத்தனை பேர், எந்தெந்த ஒப்பந்தம் எப்போது காலாவதியாகிறது என்ற பட்டியலை நகராட்சி ஊழியர்களிடம் கேட்டு வாங்குங்கள். ஒரே உரிமையாளர் என்றால் மூன்றாவது வழியைப் பேசலாம். ஐந்து பேர் என்றால் நான்காவதுதான் நடக்கும்.

மண்ணுக்கு அடியிலும் பிரச்சினை இருக்கலாம். பழைய உலர்சலவைக் கடை இருந்த இடத்தில், துணி வெளுக்கப் பயன்படுத்திய பெர்குளோரோஎத்திலீன் என்ற நச்சு ரசாயனம் நிலத்தில் இறங்கியிருக்கும் அபாயம் உண்டு. மூலையில் பெட்ரோல் பங்க் இருந்திருந்தால் பழைய தொட்டிகள் கசிந்திருக்கலாம். இந்தச் சோதனை முடியாமல் எந்தச் செலவுக் கணக்கையும் நம்ப முடியாது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, மிஞ்சியிருக்கும் சிறு கடைக்காரர்கள். நியூஜெர்சியின் எடிசனிலும் ஐசலினிலும் ஓக் ட்ரீ ரோட்டில் இந்தியக் கடைகள் வேரூன்றியது பளபளப்பான புதுக் கட்டடங்களில் அல்ல. சாலையோரத்துச் சாதாரண ஸ்டிரிப் மால்களில்தான் புடவைக் கடையும் நகைக் கடையும் மளிகையும் வளர்ந்தன. அட்லாண்டா அருகே ப்யூஃபர்ட் நெடுஞ்சாலையிலும் குடியேறியவர்களின் கடைகளுக்கு இடம் தந்தது இத்தகைய பழைய வரிசைகளே. வர்ஜீனியாவின் ஃபால்ஸ் சர்ச்சில் வியட்நாமியர்களின் ஈடன் சென்டர் இருக்கும் பகுதிக்கு நகராட்சி திட்டம் தீட்டியபோது, வியாபாரிகள் வெளியேற்றப்படுவார்களோ என்ற அச்சம் பெரும் விவாதமாயிற்று. புதுக் கட்டடத்தின் வாடகை பழையதைவிடப் பல மடங்கு இருக்கும். இது யாருடைய பேராசையாலும் வருவதல்ல, கட்டுமானக் கடனை அடைக்க வேறு வழி இல்லை. ஆகவே காப்பாற்றும் ஏற்பாடு திட்டத்திலேயே இருக்க வேண்டும். முதலில் பார்க்கிங்கில் புதுக் கடைகளைக் கட்டி, பழைய கடைக்காரர்களை அங்கே மாற்றி, அதன்பின் பழைய வரிசையைத் தொடலாம். மொத்த இடிப்பில் இந்த வரிசைமுறைக்கு இடமே இல்லை.

பணமும் மாநிலச் சட்டமும்

எந்தத் திட்டத்திலும் ஒரு கட்டத்தில் வரி உயர்வை முன்கூட்டியே அடகுவைக்கும் ஏற்பாடு வந்து நிற்கும். பொதுச் செலவுக்குப் போகும் சொத்து வரியை இப்போதைய அளவிலேயே நிறுத்திவைத்து, வளர்ச்சியால் கூடும் வரியைச் சாலைக்கும் குழாய்க்கும் வாங்கிய கடனை அடைக்கப் பயன்படுத்துவார்கள். இந்த முறை 1952-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. அதே மாநிலம் 2012-இல், இந்த முறையைப் பயன்படுத்திவந்த தன் மறுசீரமைப்பு முகமைகள் அனைத்தையும் கலைத்துவிட்டது. பள்ளிகளுக்குப் போக வேண்டிய பணம் இப்படித் திசைமாறுகிறது என்பது முக்கியமான குறைபாடாக எழுந்திருந்தது. தெரு, வடிகால், பூங்கா போன்ற பொதுச் சொத்துக்கு இந்தப் பணம் போனால் நான் ஆதரிப்பேன். பார்க்கிங் அடுக்குமாடிக்குப் போனால் தயங்குவேன். தரைத்தள நிறுத்தத்தில் ஒரு வண்டிக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும் இடத்தில், அடுக்குக் கட்டடத்தில் பல பத்தாயிரம் ஆகும்.

இதற்கிடையில், எதுவும் செய்யாமல் காத்திருக்கும் வழியும் மூடிக்கொண்டே வருகிறது. கலிஃபோர்னியாவில் 2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த ஏபி 2011, அகலமான வணிகச் சாலைகளை ஒட்டிய நிலத்தில், குறைந்த வருமானத்தினருக்கான வீடுகளும் தொழிலாளர் ஊதியமும் குறித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டால், நகராட்சியின் விருப்பத்தைக் கேட்காமலே குடியிருப்பு கட்ட வழி செய்கிறது. ஃப்ளோரிடாவின் 2023 லிவ் லோக்கல் சட்டமும், 40 சதவீத வீடுகளை 30 ஆண்டுகளுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் வைத்தால் வணிக மண்டலத்தில் அடுக்குமாடியை அனுமதிக்கச் சொல்கிறது. வீடுகள் வேண்டும்தான். ஆனால் ஊர் தன் தெரு வரைபடத்தை முன்பே வகுத்திராவிட்டால், ஒவ்வொரு அடுக்குமாடியும் தனித்தனித் தீவாக, சாலைக்கு ஒரே வாசலோடு வந்து உட்காரும். பிறகு அவற்றை இணைக்கவே முடியாது.

இத்தகைய மாற்றத்துக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை, மால்களும் அலுவலகங்களும் நிறைந்த வர்ஜீனியாவின் டைசன்ஸ் புறநகர் காட்டுகிறது. ஃபேர்ஃபேக்ஸ் கவுன்டி 2010-இல் அதற்கான திட்டத்தை ஏற்றது, 2014-இல் நான்கு மெட்ரோ நிலையங்கள் திறந்தன. ஒரு லட்சம் பேர் குடியிருக்கவும் இரண்டு லட்சம் வேலைகளுக்கும் வைத்த இலக்கு ஆண்டு 2050. அவ்வளவு பணமும் ரயிலும் தேவையும் இருந்த இடத்துக்கே நாற்பதாண்டுக் கணக்கு. அங்கும் திட்டத்தின் முதுகெலும்பு தெருக்கட்டங்கள்தான்.

ஆகவே உங்கள் ஊரில் ரயில் நிலையம் வருகிறது, நிலம் ஒரே கையில் இருக்கிறது, சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்குப் பெரும் தேவை இருக்கிறது என்றால் மொத்த இடிப்பை எதிர்க்காதீர்கள். முதல் கட்டத்துக்கான கடன் உறுதியாகும் வரை இடிப்பு அனுமதி கிடையாது என்ற நிபந்தனையை மட்டும் கேளுங்கள். கல்லூரியோ மருத்துவமனையோ இடம் தேடி வந்தால் வரி ஈட்டுத்தொகையும் பார்க்கிங்கில் தெருவும் சேர்த்துப் பேசுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் பார்க்கிங் விதியை நீக்கி, தாழ்ந்த நிலத்தை நீருக்கு ஒதுக்கி, தெரு வரைபடத்தைச் சட்டபூர்வமாக ஏற்று, முதல் மனையைச் சாலை மூலையில் விற்கச் சொல்லுங்கள்.

எந்தத் திட்டமானாலும், விசாரணைக் கூட்டத்தில் கட்டுமான நிறுவனத்தாரிடம் கேட்க ஒரு கேள்வி போதும்: முதல் கட்டத்தோடு வேலை நின்றுபோனால், அந்த நிலையில் இந்த இடம் எப்படி இருக்கும்? அதற்கான வரைபடத்தையும் கேளுங்கள். அது அவர்களிடம் இல்லையென்றால், வரும்வரை வாக்கெடுப்பை ஒத்திவைக்க மன்றத்துக்கு உரிமை உண்டு.